அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம்: நான்கையும் சேர்த்துத் தேட எந்த இண்டெக்ஸ்?

வான்தடம்:
வணக்கம். விமானங்களின் இருப்பிடப் பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சேமித்து வருகிறேன். ஒவ்வொரு பதிவிலும் விமான எண், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று ஐந்து புலங்கள். இப்போதைக்கு 8 கோடிப் பதிவுகள். தினமும் கூடிக்கொண்டே இருக்கும்.

எனக்கு வேண்டிய கேள்விகள் மூன்று வகை. ஒன்று, இந்தச் செவ்வகப் பரப்புக்குள், 9,000 மீட்டரிலிருந்து 11,000 மீட்டருக்குள், 2 மணியிலிருந்து 3 மணிக்குள் யார் யார் பறந்தார்கள்? இரண்டு, இந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருந்த 10 விமானங்கள் எவை? மூன்று, ஒரு வான்பகுதியின் எல்லைக்கோட்டுக்குள் நுழைந்தவை எவை?

நான்கு எண் புலங்களுக்கும் தனித்தனியாக பி-ட்ரீ இண்டெக்ஸ் (மதிப்புகளை வரிசையாக அடுக்கி வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை சேர்த்து ஒரு கூட்டு இண்டெக்ஸும் இருக்கிறது. ஆனாலும் முதல் வகைக் கேள்விக்கே பல நொடிகள் ஆகின்றன. நான்கையும் சேர்த்து ஒரே கூட்டு இண்டெக்ஸ் போட்டால் சரியாகுமா? இல்லை, வேறு வழிதான் தேட வேண்டுமா?

பழைய_டிபிஏ:
நான்கையும் சேர்த்துப் போட்டாலும் பெரிதாக மாறாது. காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

பி-ட்ரீ என்பது ஒரே வரிசை. 1970களின் தொடக்கத்தில் பேயரும் மெக்ரைட்டும் அதை வடிவமைத்தபோதே அது ஒரு சாவியை ஏறுவரிசையில் அடுக்கத்தான் வந்தது. உங்கள் செவ்வகம் அட்சரேகையில் மொத்தப் பரப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு, தீர்க்கரேகையிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகள் சீராகப் பரவியிருந்தால் அட்சரேகை இண்டெக்ஸ் 80,000 பதிவுகளைக் கொடுக்கும். அது பூமியைச் சுற்றி வரும் ஒரு மெல்லிய பட்டை. தீர்க்கரேகை இண்டெக்ஸும் வடக்கு தெற்காக இன்னொரு பட்டையில் 80,000 கொடுக்கும். இரண்டு பட்டைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருப்பவை 80 பதிவுகள்தான். அந்த 80-க்காக 1,60,000 இண்டெக்ஸ் உள்ளீடுகளைப் படித்து, இரண்டு பிட்மேப் (எந்தப் பதிவுகள் பொருந்துகின்றன என்ற குறிப்புப் பட்டியல்) கட்டி, அவற்றை வெட்டிப் பார்க்கிறது. இந்த வேலைக்கு ஒதுக்கிய நினைவகமான ஒர்க்-மெம் அளவு போதாமல் போனால் பிட்மேப் பதிவு அளவில் நிற்காது, பக்க அளவுக்கு (பக்கம் என்பது டிஸ்கில் பல பதிவுகள் சேர்ந்த ஒரு தொகுதி) கரடுமுரடாகிவிடும். அப்போது ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து எல்லாப் பதிவுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

கூட்டு இண்டெக்ஸின் கதை வேறு. அகராதியில் சொற்கள் முதலெழுத்தால் அடுக்கப்பட்டு, அதற்குள் இரண்டாம் எழுத்தால் அடுக்கப்பட்டிருக்கும். "அ முதல் ஊ வரை தொடங்கி, இரண்டாம் எழுத்து க ஆன சொற்கள்" என்று கேட்டால் அ முதல் ஊ வரை முழுவதும் புரட்டத்தான் வேண்டும். முதல் புலத்தில் சமம் என்ற நிபந்தனை இருந்தால் மட்டுமே இரண்டாம் புலத்தின் வரிசை முழுப் பயன் தரும். உங்களிடம் நான்கு புலங்களிலும் இருப்பது "இதிலிருந்து இதுவரை" என்ற நிபந்தனை. ஆக, எதை முதலில் வைத்தாலும் அந்த ஒன்றுதான் தேடும் அகலத்தைத் தீர்மானிக்கும். மற்ற மூன்றும் வழியில் நின்று வடிகட்டுவதோடு சரி.

குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் ஓட்டி, எத்தனை பதிவுகள் எடுக்கப்பட்டு எத்தனை கழிக்கப்பட்டன என்று பாருங்கள். அந்த விகிதம்தான் நோய் எங்கே என்று சொல்லும்.

மரக்கிளை:
இதற்கென்றே பிறந்தது ஆர்-ட்ரீ. 1984-இல் அன்டோனின் குட்மன் வெளியிட்டது. அருகருகே இருக்கும் பொருள்களைச் சேர்த்து ஒரு சிறிய பெட்டி, சில பெட்டிகளைச் சேர்த்து ஒரு பெரிய பெட்டி, இப்படியே வேர் வரை. தேடும்போது உங்கள் செவ்வகத்தைத் தொடாத பெட்டியை அதன் உள்ளடக்கத்தோடு ஒரே அடியில் ஒதுக்கிவிடலாம். எல்லா அச்சுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன, இதுதான் பட்டைகளிலிருந்து விடுதலை.

பி-ட்ரீயில் இல்லாத ஒரு தொல்லை உண்டு: பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளலாம். அப்படி ஏறினால் ஒரே புள்ளியைத் தேட இரண்டு மூன்று கிளைகளில் இறங்க வேண்டிவரும். 1990-இல் பெக்மன், கிரீகல், ஷ்னைடர், சீகர் நால்வரும் கொண்டுவந்த ஆர்*-ட்ரீ, பக்கத்தைப் பிரிக்கும்போது இந்த ஏறலையும் பெட்டியின் சுற்றளவையும் குறைக்கப் பார்க்கிறது. நிரம்பிய பக்கத்தை உடனே பிரிக்காமல் சில உள்ளீடுகளை எடுத்து மறுபடி நுழைத்தும் பார்க்கிறது.

போஸ்ட்கிரெஸில் ஆர்-ட்ரீ ஜிஸ்ட் என்ற பொதுச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஹெல்லர்ஸ்டைன், நாட்டன், ஃபெஃபர் 1995-இல் முன்வைத்தது அது. மரத்தின் பொது வேலைகளைச் சட்டகம் பார்த்துக்கொள்ளும். "இந்தப் பெட்டி இந்தக் கேள்வியோடு பொருந்துமா, இரண்டை எப்படிச் சேர்ப்பது, எப்படிப் பிரிப்பது" என்ற சில செயல்களை மட்டும் தரவு வகை சொன்னால் போதும். அதை நான் அழகான வடிவமைப்பு என்பேன்.

வான்தடம்:
நன்றி அண்ணா. இரண்டு பதில்களையும் நிதானமாகப் படித்தேன். எக்ஸ்பிளெய்ன் அனலைஸில் நீங்கள் சொன்னதுதான் தெரிகிறது. எடுப்பது மலையளவு, மிஞ்சுவது கையளவு.

ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பவை வெறும் புள்ளிகள். நீள அகலமே இல்லாத புள்ளிக்குப் பெட்டி மரம் எதற்கு? இன்னொன்று, களத்தில் ஓடும் ஒரு சிறிய கருவியில் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் மட்டும்தான் இருக்கிறது. அங்கே நீட்சி (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எதையும் நிறுவ முடியாது. இரண்டு இடத்துக்கும் பொருந்தும் முறை இருந்தால் நன்றாக இருக்கும்.

எண்வரிசை:
புள்ளிகள்தான் என்றால் பெட்டி மரம் இல்லாமலே போகலாம், உங்களிடம் இருக்கும் பி-ட்ரீயே போதும். 1966-இல் ஐபிஎம்மில் மார்ட்டன் எழுதிய முறை இது. இரு ஆயங்களின் (அட்சரேகை, தீர்க்கரேகை போன்ற அச்சு மதிப்புகளின்) பிட்டுகளை மாறி மாறிக் கோத்து ஒரே எண்ணாக்குங்கள். இதை இசட் வரிசை என்பார்கள்.

கிடை 5, நெடு 3 என்ற கட்டத்தை எடுப்போம். 5 என்பது 101. 3 என்பது 011. நெடுவின் பிட்டை முன்னால் வைத்துக் கோத்தால் 01 10 11, அதாவது 27. இந்த ஒற்றை எண்ணுக்குப் பி-ட்ரீ போட்டால் பக்கத்துக் கட்டங்கள் பெரும்பாலும் பக்கத்து எண்களாக உட்காரும். ஓர் ஆயத்துக்கு 32 பிட் என்றால் இரண்டு ஆயங்களும் 64 பிட் எண்ணில் அடங்கிவிடும். எந்த டேட்டாபேஸிலும் ஓடும், நீட்சி வேண்டாம், பேக்கப் எடுப்பதிலும் சிக்கல் வராது.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நெடு 0 என்ற வரியில் கிடை 3-க்கு எண் 5. அடுத்த கட்டமான கிடை 4-க்கு எண் 16. 7-லிருந்து 8-க்குப் போனால் 21-லிருந்து 64-க்குத் தாவும். செவ்வகத்தின் இரண்டு மூலைகளின் எண்ணை எடுத்து "இதிலிருந்து இதுவரை" என்று கேட்டால் நடுவில் சம்பந்தமில்லாத கட்டங்களும் வரும். கிடை 3, 4, நெடு 3, 4 என்ற நான்கே கட்டங்களைப் பாருங்கள். மூலைகள் 15-உம் 48-உம். நடுவில் 34 எண்கள், அவற்றில் நமக்கு வேண்டியவை 15, 26, 37, 48 மட்டும்.

இதற்கும் மருந்து இருக்கிறது. டிராஃப், ஹெர்சோக் இருவரும் 1981-இல் ஒரு வழி கொடுத்தார்கள்: செவ்வகத்துக்கு வெளியே ஓர் எண்ணில் வந்து நின்றால், செவ்வகத்துக்குள் மறுபடி நுழையும் அடுத்த எண் எது என்று பிட்டுகளைப் பார்த்தே கணக்கிடலாம். 15 முடிந்ததும் நேராக 26, அங்கிருந்து 37, அப்புறம் 48. நடுவில் எதையும் படிக்க வேண்டாம். இல்லையென்றால் செவ்வகத்தை முன்கூட்டியே சில எண் வீச்சுகளாக உடைத்து, அவற்றை ஒரே குவெரியில் சேர்த்து அனுப்பலாம்.

தாவல்களே பிடிக்கவில்லை என்றால் 1891-இன் ஹில்பர்ட் வளைகோடு. அதில் அடுத்தடுத்த எண்கள் எப்போதும் ஒட்டிய கட்டங்களே. கூகுளின் எஸ்2 நூலகம் பூமிக் கோளத்தை ஒரு கனசதுரத்தின் 6 முகங்களில் விரித்து, ஒவ்வொரு முகத்திலும் ஹில்பர்ட் வளைகோட்டை ஓட விட்டு, 30 நிலை வரை நுணுகி, 64 பிட் எண்ணாகத் தருகிறது. எஸ்கியூஎல் சர்வர் 2008-இல் வந்த இட இண்டெக்ஸும் பரப்பை நான்கு நிலைக் கட்டங்களாகப் பிரித்து, கட்ட எண்களைப் பி-ட்ரீயில் வைப்பதுதான். ஆக, இதை ஏழைகளின் வழி என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

வரைபடப்பிரியை:
எண்வரிசை சொன்ன கணக்கு சரி. ஆனால் வான்தடத்தின் மூன்று கேள்விகளையும் திரும்பப் படியுங்கள். முதல் கேள்வி மட்டும்தான் செவ்வகம். மூன்றாவதில் வான்பகுதிகள் பலகோணங்கள். பலகோணத்துக்கு ஒரே இசட் எண் கிடையாது, அதைப் பல கட்டங்களால் மூட வேண்டும். நுணுக்கமாக மூடினால் கட்டங்கள் குவியும். பெரிதாக மூடினால் வேண்டாதவை குவியும். இந்தச் சமநிலையை நீங்களே நிரலில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஜியோஹேஷ் என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் பேசிவிடுகிறேன். அதுவும் பிட்டுகளைக் கோப்பதுதான், 5 பிட்டுக்கு ஓர் எழுத்தாக எழுதுகிறது. 6 எழுத்தென்றால் நிலநடுக்கோட்டருகே சுமார் 1.2 கிலோமீட்டருக்கு 0.6 கிலோமீட்டர் கட்டம். முன்னொட்டு ஒன்றாக இருந்தால் இரண்டு இடங்களும் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் இருப்பவற்றுக்கு முன்னொட்டு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நிலநடுக்கோட்டின் இருபுறமும் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் இருந்தால் முதல் எழுத்தே வேறு. அதனால் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் எப்போதும் சேர்த்துத் தேட வேண்டும். அதை மறந்த நிரல் பிழைச் செய்தி எதுவும் தராது. சில பதிவுகள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். மெதுவான குவெரியை விட இதுதான் எனக்குப் பெரிய பயம்.

நீங்கள் முதன்மை டேட்டாபேஸில் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடத் தரவு நீட்சியை நிறுவி, வடிவங்களைச் சேமிக்கும் ஜியாமெட்ரி புலம் ஒன்று சேர்த்து, அதற்கு ஜிஸ்ட் இண்டெக்ஸ் போடுங்கள். புள்ளிக்கு ஏன் பெட்டி என்று கேட்டீர்கள். இலையில் இருப்பது புள்ளிதான். அதற்கு மேலே இருக்கும் கிளைகள் எல்லாம் புள்ளிக் கூட்டங்களின் பெட்டிகள். ஒதுக்கும் வேலை நடப்பது அங்கேதான்.

அப்புறம் சில பழக்கங்கள். இவற்றைக் கவனிக்காவிட்டால் இண்டெக்ஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தூரம் கேட்கும்போது எஸ்டி_டிஸ்டன்ஸ் இத்தனைக்குக் குறைவு என்று எழுதாதீர்கள். அது ஒவ்வொரு பதிவுக்கும் தூரத்தைக் கணக்கிட்டுத்தான் ஒப்பிடும். எஸ்டி_டிவிதின் என்று எழுதினால் முதலில் பெட்டியால் இண்டெக்ஸில் வடிகட்டி, மிஞ்சியதற்கு மட்டும் தூரம் பார்க்கும்.

இண்டெக்ஸ் போட்ட புலத்தை நிபந்தனைக்குள் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் போன்ற செயலால் சுற்றாதீர்கள். சுற்றிவிட்டால் அது வேறு மதிப்பு, அதற்கு இண்டெக்ஸ் கிடையாது. நீங்கள் கொடுக்கும் செவ்வகத்தையோ புள்ளியையோ மாற்றிக் கொடுங்கள். அது ஒரே ஒரு முறை நடக்கும் வேலை.

அலகையும் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையை டிகிரியில் வைக்கும் 4326 என்ற ஆய அமைப்பில் ஜியாமெட்ரியின் தூரம் டிகிரியில் வரும். நிலநடுக்கோட்டில் தீர்க்கரேகையின் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். 60 டிகிரி அட்சரேகைக்குப் போனால் அதே ஒரு டிகிரி பாதிதான். மீட்டரில் கேட்க வேண்டும் என்றால் ஜியாகிரஃபி வகையைப் பயன்படுத்துங்கள். கணக்கு கொஞ்சம் கனமாகும், விடை சரியாக இருக்கும்.

எண்வரிசை:
பலகோணம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எழுதும் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நொடிக்கு நொடி வந்து குவியும் பதிவுகளுக்கு ஜிஸ்டில் நுழைப்பது பி-ட்ரீயில் நுழைப்பதை விடக் கூடுதல் வேலை. ஒவ்வொரு நிலையிலும் எந்தப் பெட்டி குறைவாக விரியும் என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். படிப்பதை விட எழுதுவது அதிகமான இடத்தில் நான் இப்போதும் ஒற்றை எண்ணைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வரைபடப்பிரியை:
அது நியாயம். பதிவை எழுதும் டேபிளும் தேடும் டேபிளும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, அவ்வளவுதான்.

வான்தடம்:
இப்போது உயரமும் நேரமும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இசட், எம் என்று மூன்றாவது நான்காவது ஆயம் வைக்கலாம் என்று பார்த்தேன். உயரத்தை இசட்டில், நேரத்தை எம்மில் வைத்து, நான்கு பரிமாண இண்டெக்ஸ் ஒன்றே போட்டுவிடட்டுமா?

மரக்கிளை:
முடியும். ஆனால் சும்மா ஜிஸ்ட் என்று போட்டால் கிடைப்பது இரண்டு பரிமாணம்தான். உயரம் அதில் ஏறாது. பல பரிமாணத்துக்கு ஜிஸ்ட்_ஜியாமெட்ரி_ஆப்ஸ்_என்டி என்ற ஆப்பரேட்டர் கிளாஸைக் குறிப்பிட வேண்டும். கேள்வியிலும் && போட்டால் இரண்டு பரிமாணம், &&& போட்டால்தான் எல்லா ஆயங்களும். இண்டெக்ஸ் ஒரு வகை, கேள்வி ஒரு வகை என்று இருந்தால் குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானர் அதைத் தொடாது.

நேரத்தை ஆயமாக்குவதில் ஒரு நுட்பம். டிகிரியில் ஓர் அச்சு, மீட்டரில் ஓர் அச்சு, நொடியில் ஓர் அச்சு. குட்மனின் முறையில் பெட்டியின் கொள்ளளவுதான் அளவுகோல். ஓர் அச்சை ஆயிரத்தால் பெருக்கினால் எல்லாக் கொள்ளளவுகளும் ஆயிரம் மடங்காகும், ஒப்பீடு மாறாது. ஆனால் ஆர்* சுற்றளவையும் பார்க்கிறது. அதில் பக்கங்களைக் கூட்டுவதால், எண் பெரிதாக இருக்கும் அச்சே எல்லாத் தீர்மானத்தையும் எடுத்துவிடும். "மிக அருகில்" என்ற கேள்வியிலும் இதே கதி. 3 டிகிரியும் 3 நொடியும் ஒரே தூரம் என்றால் அந்த விடைக்கு என்ன பொருள்? அச்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்க அளவுக்குக் கொண்டுவந்து, அப்புறம் ஆயமாக்குங்கள்.

பழைய_டிபிஏ:
நான் நேரத்தை மரத்துக்குள்ளேயே விட மாட்டேன்.

நேரம் மற்ற மூன்றைப் போல நடந்துகொள்வதில்லை. அது ஒரே திசையில் வளர்கிறது. பதிவுகள் நேர வரிசையில்தான் வந்து சேர்கின்றன. பழையவை ஒருநாள் மொத்தமாக நீக்கப்படும். இப்படிப்பட்ட புலத்துக்குப் பார்ட்டிஷன்தான், அதாவது டேபிளைத் துண்டுகளாகப் பிரிப்பதுதான், பொருத்தம். நாளுக்கு ஒரு பார்ட்டிஷன், ஒவ்வொன்றிலும் தனித்தனி ஜிஸ்ட். 2 மணியிலிருந்து 3 மணி என்று கேட்டால் அந்த ஒரு நாளைத் தவிர மற்றதெல்லாம் பிளானரின் கண்ணுக்கே வராது. பழைய நாளை நீக்குவது ஒரு டேபிளைக் கழற்றி எறியும் வேலை. கோடிக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்து, இடத்தை மீட்கும் வேக்கம் ஓட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாளுக்குள்ளே மணி வாரியாகத் தேட பிரின் இண்டெக்ஸ் போடுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.5-இலிருந்து இருக்கிறது. அடுத்தடுத்த 128 பக்கங்களுக்கு, அதாவது 1 மெகாபைட்டுக்கு, மிகச் சிறிய நேரம் எது, மிகப் பெரிய நேரம் எது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். இண்டெக்ஸின் அளவு இல்லாததைப் போலத்தான். பதிவுகள் நேர வரிசையில் டிஸ்கில் கிடக்கும் வரை அது அபாரமாக வேலை செய்யும்.

உயரம்? உங்கள் பரப்புச் செவ்வகமும் ஒரு மணி நேரமும் சேர்ந்து சில நூறு பதிவுகளுக்குக் குறைத்துவிட்டால் உயரத்தைச் சாதாரண நிபந்தனையாக விடுங்கள். விமானங்களில் பெரும்பாலானவை அதே உயர வீச்சில்தான் பறக்கும், ஆகவே உயரம் அதிகம் எதையும் ஒதுக்கப் போவதில்லை. ஒதுக்காத அச்சை மரத்தில் ஏற்றினால் பெட்டிதான் கனமாகும்.

மரக்கிளை:
உயரத்தைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஒரு குறிப்பிட்ட விமானத்தை மட்டும் ஒரு பரப்புக்குள் தேடும் கேள்வி அடிக்கடி வந்தால், பிட்ரீ_ஜிஸ்ட் நீட்சியைப் போட்டு விமான எண்ணையும் ஜியாமெட்ரியையும் ஒரே ஜிஸ்டில் வைக்கலாம். சாதாரண வகைகளை ஜிஸ்டுக்குள் கொண்டுவரத்தான் அந்த நீட்சி.

கைக்கருவி:
எஸ்கியூலைட் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதற்குள்ளேயே ஆர்*ட்ரீ தொகுதி இருக்கிறது, பெரும்பாலான பில்டுகளில் திறந்தே வரும். 1 முதல் 5 பரிமாணம் வரை. விர்ச்சுவல் டேபிளாக உருவாக்க வேண்டும்: முதலில் ஒரு முழு எண் ஐடி, பிறகு ஒவ்வோர் அச்சுக்கும் சிறிய மதிப்பு, பெரிய மதிப்பு என்று இணை இணையாக. புள்ளி என்றால் இரண்டிலும் ஒரே மதிப்பு. மீதித் தகவலை வேறு டேபிளில் வைத்து ஐடியால் இணைக்கலாம். 2018-இல் வந்த 3.24-இலிருந்து கூட்டல் குறி போட்டு துணைப் புலங்களாக அதே டேபிளிலேயே வைக்கவும் வழி உண்டு.

கவனிக்க வேண்டியது, ஆயங்கள் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களாகச் சேமிக்கப்படுகின்றன. சிறிய மதிப்பைக் கீழ்நோக்கியும் பெரிய மதிப்பை மேல்நோக்கியும் முழுமையாக்கும், அதனால் எதுவும் விடுபடாது, ஆனால் சில கூடுதலாக வரும். தீர்க்கரேகை 64-க்கும் 128-க்கும் இடையில் என்றால் ஒரு படி சுமார் 0.0000076 டிகிரி, அதாவது ஒரு மீட்டருக்கும் குறைவு. விமானத்துக்கு அது ஒன்றுமில்லை.

நேரத்தை யூனிக்ஸ் நொடியாக அப்படியே போட்டால்தான் ஆபத்து. இப்போதைய மதிப்பு 170 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த அளவில் 32 பிட் மிதவை எண்ணின் ஒரு படி 128 நொடி. இரண்டு நிமிடத்துக்கும் மேல்! அன்றைய நாளின் தொடக்கத்திலிருந்து எத்தனை நொடி என்று மாற்றிப் போடுங்கள், 86,400-க்குள் வருவதால் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை தெளிவாகவே இருக்கும். அல்லது ஆர்ட்ரீ_ஐ32 என்ற முழு எண் வகையைப் பயன்படுத்தி, டிகிரியை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக வையுங்கள். 180 டிகிரி 180 கோடி ஆகும், 32 பிட்டுக்குள் அடங்கிவிடும்.

மரக்கிளை:
நல்ல வேளை சொன்னீர்கள். போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் இண்டெக்ஸ் பெட்டிகளும் 32 பிட் மிதவைதான். எம் ஆயத்தில் யூனிக்ஸ் நொடி வைத்தால் அங்கேயும் இதே 128 நொடிப் படி. &&& பெட்டிகளை மட்டும் ஒப்பிடுவதால், நேரத்தைத் தனி நிபந்தனையாகவும் எழுதித் துல்லியமாக்க வேண்டும்.

நீலக்கல்:
நான் மைஎஸ்கியூஎல் ஆள். எங்களுக்கு என்ன வழி?

பழைய_டிபிஏ:
5.7-இலிருந்து அதன் வழக்கமான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியிலேயே ஆர்-ட்ரீ இண்டெக்ஸ் உண்டு, இரண்டு பரிமாணம் மட்டும். புலம் நாட் நல் (வெற்று மதிப்பை அனுமதிக்காதது) ஆக இருக்க வேண்டும். 8.0-இல் அந்தப் புலத்துக்கு ஆய அமைப்பைக் குறிக்கும் எஸ்ஆர்ஐடி எண்ணைக் குறிப்பிட்டால்தான் ஆப்டிமைசர் இண்டெக்ஸைப் பயன்படுத்தும். குறிப்பிடாமல் விட்டால் இண்டெக்ஸ் இருக்கும், வேலை செய்யாது. இன்னொன்று, 8.0-இல் 4326-க்கு அட்சரேகைதான் முதல் ஆயம். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் தீர்க்கரேகை முதலில். இரண்டுக்கும் நடுவே தரவை மாற்றுகிறவர்கள் ஒரு தெரிந்த புள்ளியை வைத்துச் சோதித்துவிட்டுப் போங்கள்.

வான்தடம்:
நாள் வாரிப் பார்ட்டிஷன், இரண்டு பரிமாண ஜிஸ்ட், உயரம் சாதாரண நிபந்தனை என்று மாற்றிவிட்டேன். முதல் வகைக் கேள்வி கண் இமைக்கும் நேரத்தில் வருகிறது. கழிக்கப்படும் பதிவுகள் கைவிட்டு எண்ணும் அளவுதான்.

வான்பகுதிக் கேள்வி மட்டும் இன்னும் இழுக்கிறது. எல்லைகளில் சில மிக நீளமானவை, சாய்வாகப் போகின்றன, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான முனைகள்.

வரைபடப்பிரியை:
சாய்வு என்றதுமே தெரிகிறது. பெட்டி அச்சுகளுக்கு இணையாகத்தான் இருக்கும். மூலைக்கு மூலை போகும் மெல்லிய பட்டைக்குப் பெட்டி போட்டால் பெட்டியின் பெரும்பகுதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பறந்த விமானங்கள் எல்லாம் இண்டெக்ஸைத் தாண்டி வந்து, ஆயிரம் முனைகள் கொண்ட பலகோணத்தோடு ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன. இரண்டு பக்கமும் நஷ்டம்.

எஸ்டி_சப்டிவைட் செயலால் பலகோணங்களைத் துண்டாக்கி, வான்பகுதி எண்ணோடு தனி டேபிளில் வையுங்கள். எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு துண்டில் 256 முனைகளுக்கு மேல் போகாது. துண்டுகளின் பெட்டிகள் சேர்ந்து அந்தச் சாய்வை ஒட்டியே போகும், சோதனையும் சிறிய துண்டோடு முடிந்துவிடும். துண்டுகளின் எல்லையில் விழும் புள்ளி இரண்டு முறை வரலாம், டிஸ்டிங்ட் போட மறக்காதீர்கள். 180 டிகிரி தீர்க்கரேகையைக் கடக்கும் வான்பகுதி இருந்தால் அதை அந்தக் கோட்டிலேயே இரண்டாக வெட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அதன் பெட்டி பூமி முழுவதையும் சுற்றிக்கொள்ளும்.

சொல்வெளி:
இடையில் ஒரு கேள்வி. என்னிடம் 300 பரிமாணச் சொல் வெக்டர்கள் (ஒரு சொல்லைக் குறிக்கும் எண் வரிசைகள்) இருக்கின்றன. ஆர்-ட்ரீ எத்தனை பரிமாணமும் தாங்கும் என்றால் இங்கேயும் அதையே போடலாமா?

எண்வரிசை:
வேண்டாம். ஒரு கணக்கு பாருங்கள். இரண்டு பரிமாணத்தில் மொத்தப் பரப்பில் 1 விழுக்காட்டை எடுக்க ஒவ்வோர் அச்சிலும் பத்தில் ஒரு பங்கு போதும். 10 பரிமாணத்தில் அதே 1 விழுக்காட்டுக்கு ஒவ்வோர் அச்சிலும் 63 விழுக்காடு வேண்டும். அவ்வளவு அகலமான பெட்டி கிட்டத்தட்ட எல்லாப் பெட்டிகளையும் தொடும், மரம் எதையும் ஒதுக்காது. 300-இல் முழு டேபிளையும் வரிசையாகப் படிப்பதே வேகம். அதற்கு பிஜிவெக்டர் நீட்சியின் ஹெச்என்எஸ்டபிள்யூ போன்ற தோராய இண்டெக்ஸ்கள் இருக்கின்றன. மிக அருகில் இருப்பவற்றைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கும், முழு உத்தரவாதம் தராது. அது தனி இழையில் பேச வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம்.

வான்தடம்:
துண்டாக்கியதில் வான்பகுதிக் கேள்வியும் சரியானது. மிச்சம் "அருகில் 10 விமானம்". ஆர்டர் பை-யில் <-> போட்டு, லிமிட் 10 கொடுத்தேன். சில நேரம் உடனே வருகிறது, சில நேரம் நகரவே மாட்டேன் என்கிறது.

மரக்கிளை:
<-> ஜிஸ்ட் மரத்தில் அருகில் இருக்கும் பெட்டியை முதலில் திறந்து, தூர வரிசையிலேயே பதிவுகளை எடுத்துத் தரும். போஸ்ட்கிரெஸ் 9.1-இலிருந்து இந்த வசதி. 10 கிடைத்ததும் நின்றுவிடும். ஆனால் அதனோடு "2 மணியிலிருந்து 2.05-க்குள்" என்று ஒரு நிபந்தனை இருந்தால், மரத்துக்கு நேரம் தெரியாது. அருகில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நேரம் பொருந்தவில்லை என்று கழித்துக்கொண்டே போகும். நெரிசலான விமான நிலையத்தருகே கேட்டால் அந்த நாள் முழுவதும் அங்கே இறங்கிய பதிவுகளைத் தாண்டித்தான் 10 தேறும்.

எஸ்டி_டிவிதின் போட்டு ஒரு நியாயமான தூர வரம்பு கொடுங்கள். 10 தேறாவிட்டால் வரம்பை இரட்டித்து மறுபடி கேளுங்கள். வரம்பு இருந்தால் பிளானருக்கு எத்தனை பதிவுகள் வரும் என்ற மதிப்பீடும் கிடைக்கும். புதிய பார்ட்டிஷனில் புள்ளிவிவரம் திரட்டும் அனலைஸ் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் மதிப்பீடு எதுவும் சரியாக வராது.

வரைபடப்பிரியை:
இன்னும் வேகம் வேண்டுமென்றால், முடிந்துபோன நாளின் பார்ட்டிஷனை ஜிஸ்ட் இண்டெக்ஸின்படி கிளஸ்டர் செய்யலாம். பக்கத்து இடத்துப் பதிவுகள் டிஸ்கிலும் பக்கத்துப் பக்கங்களில் வந்துவிடும். போஸ்ட்ஜிஐஎஸ் 3.0-இலிருந்து ஜியாமெட்ரி புலத்தில் ஆர்டர் பை போட்டாலே ஹில்பர்ட் வரிசையில் வரும், அதே வரிசையில் புதிய டேபிளாக எழுதிக்கொள்வதும் ஒரு வழி.

பழைய_டிபிஏ:
அப்படிச் செய்தால் நான் சொன்ன பிரின் இண்டெக்ஸ் அந்த நாளுக்குப் பயனற்றுப் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிவுகளை இட வரிசையில் அடுக்கிவிட்டால், ஒவ்வொரு மெகாபைட்டிலும் நாள் முழுவதன் நேரங்களும் கலந்து கிடக்கும். சிறிய நேரம் நள்ளிரவு, பெரிய நேரம் அடுத்த நள்ளிரவு என்று எல்லாத் தொகுப்பும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஒரு டேபிள் டிஸ்கில் ஒரே வரிசையில்தான் கிடக்க முடியும்.

வரைபடப்பிரியை:
ஆமாம், இரண்டில் ஒன்றுதான். வான்தடம், பழைய நாள்களில் யார் என்ன கேட்கிறார்கள்? "இந்தப் பரப்பில் அன்று என்ன நடந்தது" என்றா, "அந்தப் பத்து நிமிடத்தில் எங்கெல்லாம் யார் இருந்தார்கள்" என்றா?

வான்தடம்:
பழைய நாள்களில் அநேகமாக எல்லாமே பரப்புக் கேள்விதான். இன்றைய தரவில் மட்டும்தான் நேரத்தை வைத்துக் கேட்கிறார்கள்.

பழைய_டிபிஏ:
அப்படியானால் சிக்கலே இல்லை. இன்றைய பார்ட்டிஷனில் பிரின் இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். நேற்றையதைக் கிளஸ்டர் செய்து, அதிலிருக்கும் பிரினை நீக்கிவிடுங்கள். கிளஸ்டர் ஓடும்போது அந்தப் பார்ட்டிஷனை யாராலும் படிக்கக்கூட முடியாது, முழுப் பூட்டு. ஆகவே யாரும் பழையதைக் கேட்காத நேரமாகப் பார்த்து ஓட்டுங்கள். டேபிள் அளவுக்குக் கூடுதல் இடமும் டிஸ்கில் காலியாக இருக்க வேண்டும். முடிந்ததும் அனலைஸ்.